குசினிக்கும் கிணற்றடிக்கும் மின்சாரம் கொண்டுபோகும்போது

ஊர் திரும்பியதும் பலர், வீட்டிலிருந்து குசினிக்கோ கிணற்று மோட்டருக்கோ வயர் இழுக்கிறார்கள். அதில் ஓடுவதும் 230 வோல்ட் மின்சாரமே. வேலியிலும் மரத்திலும் கட்டிய வயர் வெயிலில் வெடிக்கும். மழை நாளில் உயிரை எடுக்கும்.

1. 2 அடி ஆழம் தோண்டப்போவதாகச் சொல்லி, உங்கள் வளவில் மிதிவெடி அகற்றப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். தோண்டும்போது சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, அவருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

2. நிலத்தில் புதைப்பதற்கான கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மேலே உடைந்த ஓடுகளைப் பரவுங்கள். பின்னர் மண்வெட்டி போடுபவருக்கு அது எச்சரிக்கை.

3. நிலத்துக்குள் மூட்டுப் போடாதீர்கள். எர்த் கம்பியும் கூடவே போகவேண்டும்.

4. இணைப்பை, தகுதியான மின்வேலையாளரே ட்ரிப் சுவிட்ச் வழியாகக் கொடுக்கட்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் சுவிட்சை உடனே மாற்றுவியுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதை விலக்கிவிட்டு இணைப்பு எடுக்காதீர்கள். எங்கோ மின் கசிகிறது.

கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, காணி உறுதியோடு வையுங்கள். நாளை அங்கே வேலி நாட்டப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.