ரஸ்டில் விண்டோ திறந்ததும் “கொக்கு” எழுதிப் பாருங்கள்

ரஸ்டில் டெஸ்க்டாப் செயலி எழுத எந்த லைப்ரரி நல்லது என்று யார் கேட்டாலும், திரையில் என்ன மொழி ஓடப்போகிறது என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். தமிழ் என்றால் ஒப்பீட்டு அட்டவணைகள் அப்புறம். ஒரு சின்ன விண்டோவில் “கொக்கு”, “நெய்”, “ஸ்ரீ” மூன்றையும் காட்டச் சொல்லிப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

தமிழ்ச் சொற்பட்டியல் திருத்தும் கருவி ஒன்றுக்காக எகூயியில் ஆரம்பித்தேன். பட்டனை வைப்பதும் அது அழுத்தப்பட்டதா என்று பார்ப்பதும் அதில் ஒரே வரி. நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் கருவிகளுக்கு இதைவிடச் சீக்கிரம் கைக்கு வரும் லைப்ரரியை நான் பார்த்ததில்லை. ஆனால் தமிழ் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்தான் வந்தன. கூடவே வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்ததும் கட்டங்கள் போயின. ஆனால் “நெய்”யில் ஒற்றைக்கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் நகரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. வரையும்போது அதை முன்னால் கொண்டுவருவது ஷேப்பிங்கின் வேலை. நான் எடுத்த பதிப்பில் அது இல்லை.

அடுத்து ஐஸ்டு. சிஸ்டம்76 நிறுவனத்தின் காஸ்மிக் டெஸ்க்டாப்பே இதன்மேல் கட்டப்பட்டதுதான். எழுத்தைக் கையாளும் காஸ்மிக்-டெக்ஸ்ட் லைப்ரரி உள்ளே இருப்பதால் ஷேப்பிங் உண்டு, ஆனால் 0.13இல் அதை “அட்வான்ஸ்டு” என்று நாமே கேட்டு வாங்க வேண்டும். கேட்டதும் கொம்பு இடத்துக்கு வந்தது. காட்டினால் மட்டும் போதாதே, தட்டச்சும் செய்ய வேண்டும். லினக்ஸில் ஐபஸ் வழியாகத் தமிழ்99 அடிப்பவர்களுக்கு உள்ளீட்டு முறை ஆதரவு இல்லாமல் முடியாது. ஐஸ்டில் அது 0.14இல்தான் வந்தது.

ஜிடிகே4இல் இந்தக் கவலையே இல்லை. பாங்கோவும் ஹார்ஃப்பஸும் எழுத்தைப் பார்த்துக்கொள்கின்றன, ஐபஸும் ஒழுங்காகப் பேசுகிறது. என் கருவி லினக்ஸுக்கு மட்டும் என்பதால் இதையே எடுத்தேன். விண்டோஸுக்கும் கொடுப்பதாக இருந்தால் டிஎல்எல் கோப்புகளை மூட்டை கட்டி அனுப்ப வேண்டும், அது தலைவலி. அந்த நிலையில் டௌரியைப் பார்ப்பேன். இயங்குதளத்தின் வெப்வியூவிலேயே ஓடுவதால் தமிழும் ஸ்கிரீன் ரீடரும் பெரும்பாலும் தானாகக் கிடைக்கும். லினக்ஸில் மட்டும் வெப்கிட்ஜிடிகே என்பதால் தனியாகச் சோதிக்க வேண்டும். ஸ்லின்ட் என்றால் உரிம விதிகளை முதலிலேயே படித்துவிடுங்கள்: ஜிபிஎல், ராயல்டி இல்லாத உரிமம், கட்டண உரிமம் என்று மூன்று உண்டு.

எதை எடுத்தாலும் கணக்கும் கோப்புக் கையாளலும் தனி கிரேட்டில் இருக்கட்டும். ட்ரூயிட் ஒருகாலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த லைப்ரரி. பிறகு அதை எழுதியவர்களே அதை விட்டுவிட்டு சைலெம் என்ற வேறு லைப்ரரிக்குப் போய்விட்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் விண்டோ பகுதியை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.