தரப்புள்ளிச் சராசரி: கணிக்கும் முறையும் கருதும் முறையும்

கல்வியின் முழுப் பயனையும் எண்ணால் அளந்துவிடல் இயலாது என்பதை அறிஞர் யாவரும் ஒப்புவர். ஆயினும், பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவரின் பட்டத்தின் வகுப்பையும், மேற்படிப்பையும், சில வேளைகளில் தொழிலையும் ஓர் எண்ணே தீர்மானிக்கின்றது. அவ்வெண்ணே ஜீ.பி.ஏ. எனப்படும் தரப்புள்ளிச் சராசரி. அதனைக் கணிக்கும் முறையையும், அது உணர்த்தும் பொருளையும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

இவ்விடயம் பதுளைக்கும் ஊவாத் தோட்டங்களுக்கும் பெரிதும் வேண்டியதாகும். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே கிடந்தன. 1970ஆம் ஆண்டுகளிலேயே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆதலின் பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் அப்படியேறுபவர்கள். பெறுபேற்றுத் தாளைப் படித்து விளக்க வீட்டில் ஒருவரும் இலர். 2005இல் பதுளைப் பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபின் பல்கலைக்கழகம் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதன் கணக்கும் நமக்கு விளங்கவேண்டும்.

இரு வேறு அளவைகள்

முதற்கண், இஸட் புள்ளியும் தரப்புள்ளிச் சராசரியும் ஒன்றல்ல என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இஸட் புள்ளி, ஒருவரை அவருடன் அப்பாடத்திற் பரீட்சை எழுதிய மற்றையோருடன் ஒப்பிடுவது. ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரி 50, நியம விலகல் 10 என்க. 65 புள்ளி பெற்றவரின் இஸட் புள்ளி 1.5. கடினமான வேறொரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 8 என்க. 56 பெற்றவரின் இஸட் புள்ளி 2.0. எனவே 56 இங்கு 65ஐ வென்றது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டத்தாரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமை வழக்காகி, 2012இல் உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தமையும் ஒப்பீட்டுக்குரிய கூட்டம் எதுவென்பது பற்றிய பிணக்கினாலேயே.

அன்றியும், பல பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களில் பதுளையும் மொனராகலையும் அடங்கும். பல்கலைக்கழக வாயிலைக் கடந்த பின்னரோ மாவட்டக் கணக்கு இல்லை. கொழும்பு மாணவருக்கும் லயன் வீட்டுப் பிள்ளைக்கும் கோல் ஒன்றே.

கணிக்கும் முறை

பல்கலைக்கழகப் பாடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை உண்டு. அதனைக் 'கிறெடிற்' என்பர். பழைய மாணவர்கள் இச்சொல்லைத் திறமைச் சித்தி என்னும் பழைய பொருளிற் கொள்ளலாகாது. இங்கு அது உழைப்பின் அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஓர் அலகு 50 மணி நேரக் கற்றலுக்குச் சமம். விரிவுரை, செய்முறை, தனிப்படிப்பு யாவும் அதனுள் அடங்கும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 அலகுகள் வேண்டும்.

பெற்ற தரத்துக்கு ஒரு புள்ளி உண்டு. பொதுவாக ஏ+, ஏ இரண்டுக்கும் 4.0, ஏ- 3.7, பி+ 3.3, பி 3.0, பி- 2.7, சி+ 2.3, சி 2.0, சி- 1.7; டி+ 1.3, டி 1.0; ஈ 0. ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் அலகாற் பெருக்கி, வந்தவற்றைக் கூட்டி, மொத்த அலகால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஓர் அரையாண்டுப் பெறுபேற்றை உதாரணமாகக் கொள்வோம்.

கணிதம்: 3 அலகு, பி+, 3 × 3.3 = 9.9
இரசாயனம்: 3 அலகு, சி+, 3 × 2.3 = 6.9
ஆங்கிலம்: 2 அலகு, பி, 2 × 3.0 = 6.0
கணினி: 2 அலகு, ஏ-, 2 × 3.7 = 7.4
தாவரவியல்: 4 அலகு, சி, 4 × 2.0 = 8.0
செய்முறை: 1 அலகு, ஏ, 1 × 4.0 = 4.0

மொத்த அலகு 15. மொத்தப் புள்ளி 42.2, சராசரி 2.81. அலகைக் கருதாது ஆறு தரப்புள்ளிகளையும் கூட்டி ஆறால் வகுப்பவருக்கு 3.05 வரும். தாம் 3.00 என்னும் எல்லையைத் தாண்டிவிட்டதாக எண்ணி அவர் மகிழ்வார். பதிவேடோ அவ்வாறு கூறாது.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இந்நுட்பம் புதிதன்று. சிறு தோட்டக்காரர் ஒருவர் 10 கிலோ கொழுந்தைக் கிலோ 200 ரூபாவுக்கும், 40 கிலோவைக் கிலோ 100 ரூபாவுக்கும் விற்றார் என்க. அவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 150 ரூபாவன்று. 6,000 ரூபாவை 50 கிலோவால் வகுத்த 120 ரூபாவே. நிறுவையை மறந்து விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர். அரையாண்டுச் சராசரிகளை இணைக்கும்போதும் இவ்விதியே செல்லும். 12 அலகில் 3.50உம் 18 அலகில் 2.50உம் பெற்றவரின் சராசரி 3.00 அன்று, 2.90.

கருதும் முறை

மேலுள்ள மாணவர் தாவரவியலில் சிக்குப் பதிலாகப் பி பெற்றிருப்பின் சராசரி 3.08 ஆகியிருக்கும். ஓர் அலகுப் பாடமொன்றில் அதே உயர்வு கிடைத்திருப்பினோ 2.88 தான். நேரம் குறுகியபோது நிறை மிக்க பாடத்துக்கு முதலிடம் கொடுத்தல் அறிவுடைமை.

பட்டத்தின் வகுப்பு பொதுவாக 3.70க்கு முதலாம் வகுப்பு, 3.30க்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00க்குக் கீழ்ப்பிரிவு என அமையும். பீடத்துக்குப் பீடம் விதிகள் வேறுபடுமாதலின், தத்தம் பீடக் கைந்நூலைப் பார்ப்பதே முறை. இதுகாறும் தமிழிற் கற்று, திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் நம் பிள்ளைகளிற் பலர் முதலாண்டிற் சறுக்குகின்றனர். முதலாண்டின் 30 அலகில் 2.40 மட்டும் பெற்றவர் மனமுடைய வேண்டுவதில்லை. எஞ்சிய 90 அலகில் 3.20 எடுத்தால் முடிவில் 3.00 கிடைக்கும், 3.60 எடுத்தால் 3.30உம் கைகூடும். இரண்டாவது கடினமே, எனினும் இயலாததன்று.

மாறாக, மூன்றாண்டும் 2.80இல் நின்றவர் இறுதியாண்டில் விழித்தெழுவாராயின், 3.00ஐ எட்டவே 3.60 வேண்டும். 3.30க்கு 4.80 வேண்டும்; அத்தகைய தரம் உலகில் இல்லை. அலகுகள் குவியக் குவியச் சராசரி அசையாது. மீள எழுதிச் சரிசெய்யலாம் என்று இருத்தலும் ஆகாது. பெரும்பாலான பீடங்களில் மீள எழுதுவோர்க்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தரம் சி மட்டுமே.

இன்னுமொன்று கூறுவோம். ஓ.பி., பி.ஓ.பி. என்னும் தேயிலைத் தரங்கள் இலையின் அளவையும் வடிவையும் குறிப்பன. சுவையைக் குறிப்பன அல்ல. சுவையைக் குடித்தே அறிதல் வேண்டும். தரப்புள்ளிச் சராசரியும் அத்தகையதே. குறித்த பாடங்களிற் குறித்த காலத்தில் ஒருவர் பெற்ற பேற்றை அது அளக்கும். அவர் எங்கிருந்து புறப்பட்டு அங்கு வந்தார் என்பதை அளவாது. ஆகையாற் குறைந்த எண்ணைக் கண்டு ஒரு பிள்ளையை இகழ்தலும் கூடாது. எண்ணை அலட்சியஞ் செய்யுமாறு ஆறுதல் கூறலும் கூடாது.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது சிறிது. ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகளை முதல் அரையாண்டு தொடங்குமுன்னரே ஒருநாட் பொழுது அழைத்து, மேற்காட்டிய கணக்கைத் தாளும் பென்சிலுங்கொண்டு அவர்களே செய்யும்படி விடுங்கள். பெறுபேறு வந்தபின் கூறும் அறிவுரையினும் அது பன்மடங்கு பயன் தரும். ஆசிரியர்களும் உயர்தர வகுப்பிலேயே இதனைக் கற்பிப்பாராக. முதற்றலைமுறையாகப் படியேறும் பிள்ளைக்கு வழிகாட்டுதல் கல்லூரிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்களுள் தலையாயது.