ஆட்டுப் பண்ணை வேலையா? இமையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

ஆட்டுப் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? தீவனக் கணக்கும் தடுப்பூசி அட்டவணையும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். உங்கள் கெட்டிக்காரத்தனம் தெரியப்போவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். புல் தளதளவென்று நிற்கும், குட்டிகள் மட்டும் சோர்ந்து சோர்ந்து விழும். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது குடற்புழுவை.

புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காவது இரைப்பையில் தங்கி ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும் என்றால், 5,000 புழுக்கள் சேர்ந்தால் கால் லிட்டர்! பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு வெளியே வரும் முட்டை, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை கெட்டியாகவே இருப்பதால் ஆடு நன்றாக இருப்பதாக நினைத்துவிடுகிறோம். மேய்ந்து திரும்பும் ஆட்டுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஆட்டை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். கொட்டில் இருட்டில் நிறம் தெரியாது. ஒரு கட்டைவிரலால் மேலிமையை மூடி லேசாக அழுத்துங்கள். மறு கட்டைவிரலால் கீழிமையை இறக்குங்கள். உள்சவ்வு பிதுங்கித் தெரியும். நல்ல சிவப்பென்றால் கவலையில்லை. வெளுத்திருந்தால் உடனே மருந்து. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. 4, 5 என்றால் மருந்து கட்டாயம். 3 என்றால் குட்டி, சினையாடு, மெலிந்த ஆடு ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஈரல் தட்டைப்புழு, உண்ணி ஆகியவற்றாலும் இமை வெளுக்கும் என்பதால் சாணப் பரிசோதனையும் தேவை.

நாட்காட்டியைப் பார்த்து மந்தை முழுவதுக்கும் பூச்சி மருந்து ஊற்றும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒரு மந்தையில் சில ஆடுகளிடம்தான் பெரும்பாலான புழுக்கள் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழுவே மிஞ்சிப் பெருகும். 1961-ல் சந்தைக்கு வந்த தயாபெண்டசோல் என்ற பூச்சி மருந்துக்கு 1964-லேயே புழுக்களின் எதிர்ப்பு பதிவானது. ஆல்பெண்டசோல் மருந்துக்கு அசையாத புழுக்கள் தமிழ்நாட்டு மந்தைகளிலும் உண்டு.

மருந்து கொடுக்கும்போது எடை போட்டுக் கொடுங்கள். கண் மதிப்பில் குறைத்து ஊற்றுவது புழுவுக்குச் செய்யும் உபகாரம். வெள்ளாட்டின் உடலிலிருந்து மருந்து வேகமாக வெளியேறுவதால் செம்மறி அளவு பல மருந்துகளில் அதற்குப் போதாது. அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது. வாயை அண்ணாந்து தூக்காமல், கடைவாய் ஓரமாக நாக்கின் பின்பக்கம் விடுங்கள். தூக்கினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். கொடுக்கும் அன்றும் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து, குளிர்ச்சியாக வைத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லையென்றால் அந்த மருந்து அந்தப் பண்ணையில் எடுபடவில்லை.

குட்டிக்கு ரத்தக்கழிச்சல் வந்தால் அது காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் இருக்கலாம். அதற்குப் பூச்சி மருந்து கேட்காது, சிகிச்சையே வேறு.

மேய்ச்சலைப் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதால் ஒட்டக் கடிக்க விடாதீர்கள். குளக்கரைப் பக்கம் வேண்டாம், தட்டைப்புழுவைப் பரப்பும் நத்தை அங்கேதான் இருக்கிறது. ஆடுகளைப் பரண்மேல் வளர்க்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் பண்ணையிலும் குளக்கரைப் புல்லை அறுத்துப் போட்டால் தொற்று தீவனத்தொட்டிக்கே வந்துவிடும். சந்தையில் வாங்கிய ஆட்டைத் தனியே கட்டுங்கள். புழுக்கையைப் பரிசோதித்த பிறகே மந்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காதுத்தோடு எண், இமை நிறம், எடை, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வெளுக்கும் ஆடு எது என்பது அதில் தெரிந்துவிடும். புழுவைத் தாங்க முடியாத தன்மை குட்டிக்கும் வருவதால் அப்படிப்பட்ட ஆட்டை இனவிருத்திக்கு வைக்காதீர்கள். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். மழைக்கு முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய், இமை பார்க்கும் முறையை நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.