கரகமும் கொள்ளைநோயும்

1898-இல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது இரயில் வழியாகத்தான். இரயில்வேயில் உழைத்தவன் நான். சொல்லச் சற்றுக் கூச்சமே! அதைப் பரப்பியது எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி. மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி வேண்டிக்கொண்டார்கள்.

கொரோனா பரவியது மூச்சுக்காற்றில். கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி ஆடுகிறவருக்கு மூச்சு இரைக்கும். சுற்றிலும் நெருக்கியடித்து நின்று குலவையிடுவார்கள். அந்நோய்க்கு வேறென்ன வேண்டும்? தர்மராயர் கோயில் கரகம் திகளர் சமூகத்தாருடையது. தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்வது. 2020-லும் 2021-லும் அந்தப் பெரிய ஊர்வலம் வீதிக்கு வரவில்லை. சடங்குகள் கோயிலோடு முடிந்தன.

2020 ஆடியில் எங்கள் அடுகோடித் தெருவில் கரகம் ஆடும் பிள்ளைகள், "நிறுத்தினால் சாமி குத்தம் ஆகாதா ஐயா?" என்று என்னிடம் கேட்டார்கள். தர்மராயர் கோயிலைத்தான் எடுத்துக் காட்டினேன். இளைஞர்களுக்கு அரை மனசுதான். கடைசியில் ஒருவர் மட்டும் கரகம் தாங்கி, ஆட்டமில்லாமல் கோயிலை மூன்று சுற்று வந்தார். நாங்கள் அவரவர் வாசலில் வேப்பிலை கட்டி நின்றோம்.

பம்பைக்காரர்கள் நால்வரில் ஒருவர்தான் வாசித்தார். கூலியை நால்வருக்கும் வழக்கப்படியே கொடுத்தோம். அந்த ஆடியில் அவர்களுக்கு வேறு அழைப்பு வரவில்லை.