பருவ அறிக்கை யாருக்காக? புனே தொடக்கப் பள்ளிகளின் அனுபவம்

தொடக்கப் பள்ளியொன்றில் பருவம் முடிகிறது. தேர்வு நடந்து, மதிப்பெண்கள் பதியப்பட்டு, முன்னேற்ற அட்டை வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. பெற்றோர் கையொப்பமிட்டோ, கைநாட்டு வைத்தோ அதனைத் திருப்பி அனுப்புகின்றனர். இத்துடன் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையேயான கணக்குத் தீர்ந்துவிட்டதாக இரு தரப்பினரும் கருதிவிடுகின்றனர். ஆனால், குழந்தை எதனைக் கற்றது, எதனைக் கற்கவில்லை, இனி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று வினாக்களுக்கும் அந்த அட்டையில் விடை இருந்ததா? மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் பள்ளி மக்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுவே. இவ்வினாவை ஆராய்வதற்குப் புனே நகரமும் அதன் மாவட்டமும் பொருத்தமான களமாகும்.

ஊரறிய நடந்த தேர்வு

1848ஆம் ஆண்டில் புனேயின் பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். கடும் எதிர்ப்புக்கிடையே நடந்த இப்பள்ளிகள், தங்கள் பணியை ஊரார்முன் மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தன. எனவே, 1850களின் தொடக்கத்தில் மாணவியர் பொதுமக்கள் முன்னிலையில் வினாக்களுக்கு விடையளிக்கும் வெளிப்படையான தேர்வுகள் நடத்தப்பட்டன. பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்று வாதிட்டவர்களுக்கு அதனைவிடச் சிறந்த மறுமொழி இருக்க முடியாது. 1852 நவம்பரில் விசுராம்பாக் வாடாவில் நடந்த விழாவில் அரசினரும் பூலேயின் பணியைப் பாராட்டினர்.

எனினும், அப்பள்ளிகளைப் பற்றிய மிகச் சிறந்த அறிக்கையை எழுதியவர் ஒரு மாணவியே ஆவார். தாழ்த்தப்பட்ட மாங் வகுப்பைச் சேர்ந்த முக்தா சால்வே என்ற சிறுமி, தம் மக்களும் மகார் மக்களும் படும் துயரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளியாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் சிறுமி, சில ஆண்டுக் கல்விக்குப் பின் தன் சமூகத்தின் நிலையைத் தானே ஆராய்ந்து எழுதினாள். எந்த மதிப்பெண்ணும் இதற்கு ஈடாகாது. குழந்தையின் சொந்த எழுத்தே கற்றலின் முதற்சான்று என்ற பாடத்தை இங்கிருந்து நாம் பெறுகிறோம்.

தேர்வே திருவிழாவாக

1948இல் பம்பாயில் கல்வியாளர் ஜே. பி. நாயக் நிறுவிய இந்தியக் கல்வி நிறுவனம் 1976இல் புனேக்கு மாறியது. பகலில் ஆடு மேய்த்தும், தம்பி தங்கையரைக் கவனித்தும், வயலில் உழைத்தும் வந்த 9 முதல் 14 வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளுக்காக, அந்நிறுவனம் 1979 முதல் மாவட்டத்துக் கிராமங்களில் மாலை நேர முறைசாராக் கல்வி வகுப்புகளைச் சோதனை முறையில் நடத்தியது. இம்முயற்சிக்கு வழிகாட்டியவர் சித்ரா நாயக் அம்மையார். வகுப்பு எந்நேரம் நடப்பது, எங்கு நடப்பது என்பனவற்றை முடிவு செய்வதில் கிராம மக்களுக்கும் பங்களிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் மதிப்பீட்டுக்குக் கையாண்ட முறை நம் கவனத்துக்குரியது. பல ஊர் வகுப்புகளின் குழந்தைகள் ஓரிடத்தில் கூடும் குழந்தைகள் திருவிழா நடத்தப்பட்டது. பாட்டும் விளையாட்டும் ஒருபுறம். குழந்தைகள் தாமே தம்மைச் சோதித்துக் கொள்வதும், ஒருவரையொருவர் சோதிப்பதும் மறுபுறம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் மகள் உரக்கப் படிப்பதைக் காதால் கேட்டாள். கணக்குப் போடுவதைக் கண்ணால் கண்டாள். அவளுக்கு வேறு அட்டை தேவைப்படவில்லை. தேர்வு அச்சம் நீங்கியதோடு, பள்ளியின் கணக்கும் ஊர் மன்றத்தில் ஒப்புவிக்கப்பட்டது.

சட்டம் காட்டும் நெறி

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. அதே ஆண்டில் மகாராஷ்டிர அரசு இதற்கான ஆணையை வெளியிட்டது. அன்றாட உற்றுநோக்கல், வாய்மொழிப் பணி, செய்முறை, செயல்பாடு, செயல்திட்டம், சிறு தேர்வு, வகுப்பு மற்றும் வீட்டுப் பணி முதலியவை வளர்நிலை மதிப்பீட்டின் கருவிகளாக அமைந்தன. முதலிரு வகுப்புகளில் வளர்நிலை மதிப்பீட்டுக்கு 70 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 30 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. வகுப்பு உயர உயர இறுதித் தேர்வின் பங்கு கூடி, 7, 8 வகுப்புகளில் 60 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டில் 2012-13இல் வந்த முப்பருவ முறையில் வளர்நிலைக்கு 40, தொகுப்புநிலைக்கு 60 என்று மதிப்பெண்கள் பகுக்கப்பட்டதை இங்கு ஒப்புநோக்கலாம். பின்னர் 2019இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, 5, 8 வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு நடத்தவும், தேவையெனில் மாணவரை அதே வகுப்பில் நிறுத்தவும் மாநிலங்களுக்கு இடமளிக்கப்பட்டது.

முறைகள் மாறினும் அடிப்படைக் குறை தொடர்கிறது. ‘அசர்’ எனப்படும் ஊரகக் கல்வி ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாட்டில் 2018இல் 27.3 விழுக்காட்டினர், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5 விழுக்காட்டினர், 2024இல் 27.1 விழுக்காட்டினர். இழந்ததை மீட்டிருக்கிறோம், ஆயினும், நால்வரில் மூவர் இன்னமும் பின்தங்கியே உள்ளனர். அவர்களுடைய முன்னேற்ற அட்டைகளில் இவ்வுண்மை எழுதப்பட்டிருந்ததா என்பதே கேள்வி.

எப்படி எழுத வேண்டும்?

‘கணக்கு: 100க்கு 62’ என்ற குறிப்பினால் ஆசிரியருக்கும் பயனில்லை, பெற்றோருக்கும் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 403இலிருந்து 158ஐக் கழிக்குமாறு கேட்டால், ஒரு குழந்தை 355 என்று விடை எழுதுகிறது. இது கவனக்குறைவன்று. ஒவ்வோர் இலக்கத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிக்கும் முறை அதற்குப் பிடிபடவில்லை. ‘கூட்டல் நன்கு வருகிறது, கழித்தலில் கடன் வாங்குவது இன்னும் புரியவில்லை, வீட்டில் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி, கட்டைப் பிரித்துக் கழிக்கச் செய்யவும்’ என்று அறிக்கை கூறுமாயின், அங்கே கல்வி தொடங்குகிறது. இத்தகைய வருணனைக் குறிப்புகளே தொடர் மதிப்பீட்டின் உயிர். ஆனால், ‘நன்று’, ‘முயற்சி தேவை’ என்ற சொற்களையே எல்லாக் குழந்தைகளுக்கும் படியெடுத்து எழுதும் வழக்கம் அந்த உயிரைப் போக்கிவிடுகிறது. இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுவது முறையன்று. பதிவேடுகளின் சுமை குறைந்தாலன்றி உற்றுநோக்குவதற்கு அவருக்கு நேரம் கிடைக்காது.

பள்ளிச் செயல்பாடுகளும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். மகாராஷ்டிரப் பள்ளிகளில் பண்டரிபுர யாத்திரையை ஒட்டிச் சிறுவர் பல்லக்கு ஊர்வலம் நடைபெறுகிறது. சாவித்திரிபாயின் பிறந்த நாளான சனவரி 3 பெண்குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் பிறந்த நாளான அக்டோபர் 15, 2015 முதல் வாசிப்பு ஊக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது தமிழர் மகிழத்தக்க செய்தியாகும். இவற்றில் யார் பேசினர், யார் பேசத் தயங்கினர் என்பதும் கற்றலைப் பற்றிய தகவலே.

பாதியில் செல்லும் குழந்தை

மகாராஷ்டிரத்தில் பள்ளி ஆண்டு தீபாவளியை ஒட்டி இரு பருவங்களாகப் பிரிகிறது. அதே வேளையில்தான் கரும்பு வெட்டும் காலமும் தொடங்குகிறது. மராத்வாடா போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து குடும்பங்கள் புனே உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களின் சர்க்கரை ஆலைப் பகுதிகளுக்குப் புறப்படுகின்றன. கோடை வரை நீடிக்கும் இப்பயணத்தில் குழந்தையின் இரண்டாம் பருவம் முழுவதும் கழிந்துவிடக்கூடும். கட்டடத் தொழிலாளர் குழந்தைகளின் நிலையும் இதுவே.

முதற்பருவ அறிக்கை இக்குழந்தைக்குச் சடங்கன்று, அதுவே வழிச்சீட்டு. இடம்பெயரும் குழந்தையின் கற்றல் நிலையைக் குறித்து அனுப்பும் கல்வி உறுதி அட்டையை மகாராஷ்டிரம் அறிமுகப்படுத்தியது இக்காரணம் பற்றியே. அட்டையில் ‘இவள் இரட்டை எழுத்துச் சொற்கள் வரை படிப்பாள்’ என்றிருப்பின், புதிய ஊர் ஆசிரியர் அடுத்த பாடத்திலிருந்து தொடங்கலாம். வெறும் மதிப்பெண் மட்டும் இருப்பின், குழந்தை மீண்டும் கடைசி வரிசையில் அமரும். ஓராண்டில் பள்ளியை மறந்தும் விடும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அறிக்கை பெற்றோர் பேசும் எளிய மொழியில் அமைய வேண்டும். படிக்க இயலாதோருக்கு ஆசிரியர் நேரில் எடுத்துரைக்க வேண்டும். இரண்டாவதாக, மதிப்பெண்ணுடன் குழந்தையின் எழுத்துத் தாள் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பருவத்துக்கொரு முறை குழந்தைகள் ஊரார்முன் படித்துக் காட்டும் நிகழ்ச்சி நடத்தப்பட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அக்குழுவே இதனை முன்னின்று நடத்தலாம். நான்காவதாக, இடம்பெயரும் குழந்தை எவரும் கற்றல் குறிப்பின்றி ஊரை விட்டுச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்பின் நடுவே தம் மாணவியரை ஊரார்முன் நிறுத்திக் காட்ட இயன்றவர்கள் வாழ்ந்த நாடு இது. எல்லா வசதிகளும் பெருகியுள்ள இந்நாளில், நம் பள்ளிகள் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு பக்கம் உண்மையை எழுதுவது இயலாத செயலன்று.