இரு சில்லு உழவு இயந்திரம்: கியர் சரியாக விழாதபோது குறையை இனங்காணல்



பொறிமுறை சார்ந்த வினாக்களில் பாகங்களின் பெயர்களை எழுதும் பகுதியில் பெரும்பாலானோர் நல்ல புள்ளி பெறுகின்றீர்கள். "இக்குறைபாட்டுக்கான காரணம் யாது? எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?" என்று கேட்டவுடன் தடுமாறுகின்றீர்கள். பெயர்களை மனனம் செய்தது போதாது, வலு எவ்வழியே செல்கின்றது என்பதும் விளங்கியிருக்க வேண்டும். நாம் 'லாண்ட் மாஸ்டர்' என்று அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தை உதாரணமாகக் கொண்டு இதனைப் பார்ப்போம். உங்களிற் பலரின் வீட்டு முற்றத்திலேயே இது நிற்கும்.

1. வலு செல்லும் பாதை

டீசல் எஞ்சின் → வீ பட்டிகள் → கிளச்சுக் கப்பி → கிளச்சு → கியர்ப்பெட்டி → அச்சு → சில்லுகள்

இந்த ஒழுங்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கிளச்சின் வேலை, எஞ்சினின் வலுவைக் கியர்ப்பெட்டிக்குக் கொடுப்பதும் தேவையானபோது பிரித்துவிடுவதும் ஆகும். இவ்வியந்திரங்கள் பலவற்றில் பிரதான கியர் நெம்புகோல் முன்னோக்கி 3, பின்னோக்கி 1 என்ற நிலைகளைத் தருகின்றது. உயர் - தாழ் நெம்புகோல் இவற்றை இருமடங்காக்குகின்றது. எனவே மொத்தமாக முன்னோக்கி 6 கியர்களும் பின்னோக்கி 2 கியர்களும் கிடைக்கின்றன.

2. கியர் மாறும்போது உள்ளே நடப்பது

நெம்புகோலை அசைக்கும்போது அதனுடன் தொடுக்கப்பட்ட கவை, தவாளிப்புள்ள தண்டின் மீது பற்சில்லு ஒன்றை வழுக்கிச் செல்லச் செய்கின்றது. அப்பற்சில்லு மற்றொன்றின் பற்களுடன் பொருந்துகின்றது. பொருந்திய நிலையிலிருந்து நழுவாதபடி சுருள்வில்லினால் அழுத்தப்பட்ட சிறு குண்டு ஒன்று கவையின் தண்டிலுள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். கியர் விழும்போது கையில் உணரும் 'டக்' என்ற அதிர்வு இதுவே.

சுழன்றுகொண்டிருக்கும் பற்சில்லுடன் நிற்கும் பற்சில்லைப் பொருத்த முயன்றால் பற்கள் மோதிக் 'கறகற' என்று ஓசை எழும். அதனால்தான் இயந்திரத்தை நிறுத்தி, கிளச்சை முழுமையாக விலக்கிய பின்னரே கியர் மாற்ற வேண்டும்.

3. கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கியர் விழவில்லை என்றவுடன் கியர்ப்பெட்டியைத் திறக்கச் சொல்பவர் பலர். பெரும்போகத்தில் வயலில் நீர் நிற்கும்போது அப்படித் திறந்துவிட்டால் உழவு நாட்கணக்கிற் பிந்திவிடும், கூலியும் உதிரிப்பாகச் செலவும் வேறு. பெட்டியைத் தொடுமுன் பின்வரும் இரண்டையும் பாருங்கள்.

(அ) எஞ்சினை நிறுத்திய பின் கியர் விழுகின்றதா?

எஞ்சின் இயங்கும்போது ஓசையுடன் மறுத்து, நிறுத்தியதும் இலகுவாக விழுந்தால், கிளச்சு முழுமையாகப் பிரியவில்லை எனச் சந்தேகிக்க வேண்டும். உறுதிப்படுத்த, எஞ்சினை நிறுத்தி, ஒரு கியரில் இட்டு, கிளச்சு நெம்புகோலை 'விலக்கு' நிலையில் வைத்து இயந்திரத்தைத் தள்ளிப் பாருங்கள். இலகுவாக நகர்ந்தால் கிளச்சு பிரிகின்றது. எஞ்சினையும் சேர்த்து இழுப்பது போல இறுக்கமாக இருந்தால் பிரியவில்லை. சில இயந்திரங்களில் அதே நெம்புகோலை மேலும் இழுத்தால் தடுப்பு இயங்கும். அந்நிலைக்குக் கொண்டுசென்று சோதித்தால் விடை பிழைத்துவிடும்.

எஞ்சினை நிறுத்திய பின்னரும் விழாவிட்டால், பற்களின் முனைகள் நேருக்கு நேர் நிற்கலாம். இயந்திரத்தைச் சற்று முன்பின்னாக அசைத்து மீண்டும் முயலுங்கள். அப்போதும் விழாவிடின் வளைந்த நெம்புகோல், தேய்ந்த கவை என்பவற்றைச் சந்தேகிக்கலாம்.

(ஆ) எல்லாக் கியர்களிலும் குறையா, ஒன்றில் மட்டுமா?

எல்லாவற்றிலும் எனின், எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியில் குறை உள்ளது: கிளச்சு அல்லது நெம்புகோல். ஒரு கியரில் மட்டும் எனின், அதற்குரிய பற்சில்லையோ கவையையோ பார்க்க வேண்டும். 'தாழ்' நிலையில் மட்டும் எனின், உயர் - தாழ் நெம்புகோலின் பகுதியைப் பார்க்க வேண்டும்.

4. குறைபாடுகளும் காரணங்களும்

• எல்லாக் கியர்களும் ஓசையுடன் மறுத்தல்: கிளச்சு இழுகோலில் தளர்வு கூடியிருத்தல். நெம்புகோலை இழுத்தாலும் தட்டுகள் பிரியும் அளவுக்கு அசைவு போய்ச் சேர்வதில்லை. நெடுநாள் நின்ற இயந்திரமாயின் தட்டுகள் துருவினால் ஒட்டியிருக்கவும் கூடும்.

• கியர் விழுந்தும் சுமையில் இழுக்காமை: கிளச்சுக் கப்பி தளர்ந்து சுழன்றால் பட்டி வழுக்குகின்றது. கப்பி வேகமாகச் சுழன்றும் சில்லு அசையாவிடின் கிளச்சு வழுக்குகின்றது. இழுகோலில் தளர்வே இல்லாமை, தட்டு தேய்தல், தட்டில் எண்ணெய் படிதல் என்பன இதற்குக் காரணங்கள்.

• கியர் தானாகக் கழன்றுவிடுதல்: சுருள்வில் தளர்தல், குண்டோ பள்ளமோ தேய்தல், பல் முனைகள் மழுங்குதல்.

• கியர்ப்பெட்டி இரைந்து சூடாதல்: எண்ணெய் குறைதல் அல்லது பழுதடைதல்.

முதலிரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தளர்வு கூடினால் கிளச்சு பிரியாது. தளர்வு இல்லாவிட்டால் கிளச்சு பிடிக்காது. பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழக்கின்றனர்.

5. பாதுகாப்பு

கியர் தானாகக் கழல்வதை அற்பமாக எண்ண வேண்டாம். நெல் மூடைகளுடன் பெட்டியை இழுத்துக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது, எஞ்சினும் இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. கியர் கழன்றால் அக்கட்டுப்பாடு அற்றுப்போய், பின்னாலுள்ள சுமை இயந்திரத்தைத் தள்ளிச் செல்லும். இறக்கத்துக்கு முன்பே நிறுத்தித் தாழ் கியரில் இட வேண்டும், நடு இறக்கத்தில் கியர் மாற்றக்கூடாது. கியர் கழலும் இயந்திரத்தைத் திருத்தும்வரை பெட்டி பூட்டி ஓட்டக்கூடாது. பட்டியையோ இழுகோலையோ தொடுமுன் எஞ்சினை நிறுத்துங்கள். வீட்டில் அப்பாவோ மாமாவோ அவசரப்பட்டால் இவற்றை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

6. மாதிரி வினா

விவசாயி ஒருவரின் இயந்திரம் இயங்கும்போது எந்தக் கியரிலும் ஓசையுடன் மறுக்கின்றது. எஞ்சினை நிறுத்தியதும் எல்லாக் கியர்களும் இலகுவாக விழுகின்றன. கியர்ப்பெட்டியைத் திறக்க வேண்டும் என்கிறார் அயலவர்.

(i) குறை எப்பகுதியில் உள்ளது?
(ii) முதலில் செய்ய வேண்டியது யாது?
(iii) அயலவரின் ஆலோசனை பொருத்தமானதா? காரணம் தருக.

விடை:
(i) கிளச்சில். அது முழுமையாகப் பிரியவில்லை.
(ii) எஞ்சினை நிறுத்தி, இழுகோலின் தளர்வைச் சோதித்து, கூடுதலாயின் கைந்நூலில் உள்ள அளவுக்குச் சீராக்கல்.
(iii) பொருத்தமற்றது. எஞ்சின் நின்றபோது எல்லாக் கியர்களும் விழுவதால் பற்சில்லுகளும் கவைகளும் தம் வேலையைச் செய்கின்றன.

மூன்றாவது விடையில் "பொருத்தமற்றது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "ஆல்" என்று முடியும் அந்தக் காரண வாக்கியத்துக்குத்தான் புள்ளி. இன்று மாலை வாய்ப்பிருந்தால், எஞ்சின் நிறுத்தப்பட்ட இயந்திரம் ஒன்றின் அருகே பெரியவர் ஒருவருடன் நின்று வலு செல்லும் பாதையை விரலாற் சுட்டிச் சொல்லிப் பாருங்கள். அதன் பின் இப்பாடம் மறக்காது.