பட்டம் பெற்ற பின்

பட்டமாவது, கற்கவேண்டியவற்றைக் கற்று முடித்தமைக்கு அடையாளம் என்று பலர் கருதுவர். அந்நாளில் அணியும் அங்கியும், கையிற் பெறும் சுருளும், பெற்றோர் முகத்திற் காணும் மகிழ்ச்சியும் அக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. ஆயினும், ஆண்டுகள் பல கழிந்தபின் திரும்பி நோக்குங்கால், அது நாம் ஒரு வாக்குக் கொடுத்த நாளென்பதே புலனாகின்றது.

சென்னைச் சர்வகலாசாலையின் பழைய மரபின்படி, பட்டம் பெற நிற்போரை நோக்கி வேந்தர் சில வினாக்களை வினவுவார். அன்றாட வாழ்க்கையில் அச்சர்வகலாசாலைக்குத் தக்கவராய் நடப்பதாகவும், ஒழுக்கத்தையும் மெய்க்கல்வியையும் இயன்றவரை பேணி வளர்ப்பதாகவும் அவர்கள் உறுதி கூறுவர். பட்டச் சுருளைப் பெட்டியில் வைத்துக் காப்பது எளிது. இவ்வாக்கைக் காப்பதோ ஆயுட்காலப் பணி.

இதற்குச் சிறந்ததொரு சான்று அச்சர்வகலாசாலையின் தொடக்கத்திலேயே உளது. 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆசிரியரும் மாணவருமாய் இருந்தோர். ஆசிரியர் கறோல் விசுவநாதபிள்ளை, மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மாணவரான பிள்ளையவர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். 1871-இல் சட்டப் பட்டமும் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞராயும், பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாயும் விளங்கினார். இவ்வளவோடு நின்றிருப்பின், அவர் பெயரை இன்று நினைப்பார் யார்?

உத்தியோகம் போக எஞ்சிய பொழுதை அவர் பழஞ்சுவடிகளுக்கு ஈந்தார். தொட்ட அளவில் ஒடியும் ஏடுகளைப் பிரித்தல், ஒரு பிரதியிற் சிதைந்த வரியைப் பிறிதொன்றில் தேடுதல், வேறுபட்ட பாடங்களுள் உரியதைத் துணிதல் ஆகிய இவை எப்பரீக்ஷையிலும் கேட்கப்படாதவை. 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது, 1881-இல் வீரசோழியம், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை. சர்வகலாசாலை தோன்றி முப்பது ஆண்டு நிறைந்தபோது, அதன் முதற் பட்டதாரி அளித்த கணக்கு இது.

‘அவர் பேரறிஞர், நமக்கு அஃது இயலுமோ?’ என்று மாணவர் வினவலாம். அவருக்கும் நாளொன்றுக்கு அறுபது நாழிகையே. அவருக்கும் அலுவலும் குடும்பமும் இருந்தன. நாம் பின்பற்றத் தக்கது அவரது புலமையின் அளவன்று. ஓய்வை அவர் செலவிட்ட முறையே.

பரீக்ஷையிற் தவறியோரும் மனம் தளரவேண்டா. ஏடு தேடும் தொண்டில் அவரோடு ஒரே காலத்தில் உழைத்த உ. வே. சாமிநாதையர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். 1932-இல், தமது முதுமையில், அதே சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது. பட்டம் பணிக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். பணி இல்லாதவழி அது வெறுங் காகிதமே.

பட்டம் பெற்றுப் பத்தோ இருபதோ ஆண்டு கழித்த நாம், சம்பளமும் பதவியும் உயர்ந்தமையை மட்டும் எண்ணுதல் போதாது. ஏழைச் சிறுவன் ஒருவனுக்கேனும் எழுத்தறிவித்தோமா? நல்ல நூலொன்றையேனும் முற்றக் கற்றோமா? அன்று கூறிய உறுதிமொழியை ஆண்டுதோறும் ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்போமாக.